இடது பக்கப் பின்கதவு

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நம்பினால்தான் எனக்குச் சிக்கல். ஏனென்றால் இதில் பேய் செய்தது கொஞ்சம். நான் செய்தது அதிகம்.

நள்ளிரவு, நாய் ஊளை, வெள்ளை உடை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடந்தது மத்தியானம். ஒரு புதன்கிழமை. 2.50க்கு ஆரம்பித்தது, 3.47க்கு முடிந்தது. பட்டறைச் சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது. அன்றைக்கு நான் அதைப் பார்த்த மாதிரி வாழ்நாளில் எந்தக் கடிகாரத்தையும் பார்த்ததில்லை.

நான் டிங்கர். மோதிக் கசங்கி வரும் வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது என் தொழில். இருபத்தாறு வருடமாகச் சுத்தியல் சத்தத்தில் இருந்து காது பாதி மந்தமாகிவிட்டது. வீட்டில் கூப்பிட்டால் கேட்காது. அது நடிப்பு என்பாள் என் மனைவி. ஆனால் ஒரு சத்தம் மட்டும் எனக்குத் தப்பவே தப்பாது. கார் கதவு சாத்தும் சத்தம்.

நன்றாகப் பொருந்திய கதவு இரண்டு சத்தம் கொடுக்கும். டக்... டக். பூட்டுக்குள் இரண்டு பல் உண்டு. முதல் பல்லில் பிடிக்கும்போது ஒரு டக், இரண்டாவது பல்லில் இன்னொரு டக். வேகமாகச் சாத்தினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகக் கேட்கும். அதனால் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரே ஒரு டக் என்றால் கதவு பாதிதான் பூட்டியிருக்கிறது. பார்க்க மூடியது மாதிரியே இருக்கும். ஓடும்போது திறந்துகொள்ளும்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் டீச்சரின் கார் என்னிடம் வந்தது. சாம்பல் நிறம், நாலு கதவு, அப்போதே கிழடு. இடது பக்கத்தில் லாரி இடித்து, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண் ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. தினமும் பட்டறைக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் வேலையைத் திருத்துவார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. மகள் இனிப்பைக் கண்ணிலேயே காட்ட மாட்டாள். அதனால் எதிர்க்கடையில் ஆரஞ்சுக் குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து, என் பட்டறைக்குள் ஒளிந்து சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்ததும் குச்சியை என்னிடம் நீட்டுவார்.

"ஆதாரத்த அழிச்சிடுப்பா. என் மக கண்ணுல பட்டா நான் தொலைஞ்சேன்."

இரண்டு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கறுப்பு டேப் சுற்றினால் நாலு மில்லிமீட்டர் வரும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியும் அதேதான். ஒரு நாள் விளையாட்டாக அப்படிச் சுற்றிக் காட்டினேன். டீச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்றிலிருந்து அந்தக் குச்சியை இடைவெளியில் விட்டு மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பது அவர் வேலை ஆகிவிட்டது. சர்ர்ர்... என்று தடையில்லாமல் இறங்கினால் சிவப்புப் பென்சிலால் டிக். எங்காவது மாட்டினால் பெருக்கல் குறி. ஆக, நாற்பது வயதில் எனக்குத் தினமும் பரீட்சை.

சனிக்கிழமை அவருக்குக் கார் வேண்டும். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் வண்டி உங்க வாசல்ல நிக்கும் டீச்சர்" என்று நான் வாய்ச்சவடால் விட்டிருந்தேன். சொன்ன நாள் தவறியதே இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான்.

சாய்ந்த தூணைச் சங்கிலி போட்டு இழுத்து நேராக்கினால்தான் கதவு ஒழுங்காக உட்காரும். அதற்கு உள்ளே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும், மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் வியாழக்கிழமை ஆகிவிட்டது. எனக்கோ வீம்பு.

நான் தூணைத் தொடவில்லை. கதவுப் பூட்டு போய் மாட்டும் கொக்கிக்கு அடியில் மூன்று வாஷர் கொடுத்துத் தள்ளி வைத்தேன். பின் ஓரத்தில் அகலமாகத் தெரிந்த இடைவெளியைப் பட்டிப் பசை பூசி ஒடுக்கினேன். பெயிண்ட் அடித்ததும் பார்வைக்குப் புது வண்டி. கதவைச் சாத்திப் பார்த்தேன்.

டக்.

ஒன்றுதான் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் நின்றேன். திங்கள்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்ப வரவழைத்துச் சரி செய்துகொள்ளலாம், இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். நாலு கதவுக்கும் குச்சியை விட்டுப் பார்த்தார். இடது பக்கப் பின்கதவில், பூட்டுக்கு ஒரு சாண் கீழே குச்சி நின்றுவிட்டது.

"இங்க மாட்டுதேப்பா" என்று அந்த இடத்தில் பெருக்கல் குறி போட்டார்.

நான் அந்தக் குறியைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டு, பட்டியைக் கொஞ்சம் உரசி, மேலாக ஒரு கை பெயிண்ட் அடித்துக் காயவிட்டேன்.

"இப்ப பாருங்க டீச்சர்."

"போகுது... ஆனா ஒரு இழுவை இருக்கு. முழு மார்க் போடலாமா?"

"தாராளமா போடுங்க."

என் முகத்தைப் பார்த்தார். டிக் போட்டார். பிறகு அந்தக் குச்சியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது என் ஆதாரம். உன்கிட்ட இருந்தா பத்திரமில்ல" என்று சிரித்தார்.

நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், ஒரு வளைவில் இடது பக்கப் பின்கதவு திறந்துகொண்டது. டீச்சர் ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த வண்டியால் நிற்க முடியவில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதுவரை டீச்சர் மடியில் இருந்த குழந்தை, சற்று முன்னால்தான் பக்கத்தில் இருந்த மகளின் மடிக்கு மாறியிருந்தது.

விசாரித்தவர்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இடைவெளி ஒரே சீராக இருந்தது. பெயிண்ட் பளபளத்தது. வண்டியில் குறை இல்லை, கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கதவைச் சாத்தியது மகள். அம்மாவின் கையில் குழந்தை இருந்ததால், அம்மாவை ஏற்றி உட்காரவைத்து, வெளியிலிருந்து அவள்தான் சாத்தினாள். அன்றைக்குக் காரை ஓட்டியவன் அவள் புருஷன். அவனே அவளிடம் கேட்டானாம், "ஒழுங்கா சாத்துனியா இல்லியா?" என்று. ஒரு தடவை இல்லை, பல தடவை. இதெல்லாம் என் மந்தக் காதுக்கும் வந்து சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அந்த மகள் என் பட்டறைக்கு வந்தாள்.

கார் அத்தனை வருடமும் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் கிடந்திருக்கிறது. அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே வாடகைக் காரில் வந்து இறங்கினாள். இறங்கியவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்து வந்தாள். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்து சாத்தினான். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"பழைய மாதிரியே ஆக்கிக் குடுங்கண்ணா. பாட்டி கார்ல போகணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கிறா. அம்மா உங்களைத்தான் நம்புவாங்க. அதான் வேற எங்கயும் போகல."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் வேறொன்று தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தத் தடவை தூணை நேராக்கி, வாஷரைத் தூக்கி எறிந்து, பழைய பட்டியைச் சுரண்டிவிட்டால், நான் செய்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. அவள் நினைத்துக்கொண்டிருப்பதையே நினைத்துக்கொண்டிருக்கட்டும். எனக்கு அன்றிரவு நல்ல தூக்கம்கூட வந்தது.

இனி அந்தப் புதன்கிழமை.

தூணை இழுத்து நேராக்கியாகிவிட்டது. பட்டி ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டி, வெறும் தகரத்தின் மேல் வெளிர் சாம்பல் பிரைமர் அடித்திருந்தோம். வண்டிக்குள் சீட் இல்லை, கண்ணாடி இல்லை, கதவு ரப்பர் இல்லை. சீட்டெல்லாம் பட்டறைப் பரணில் கிடந்தன. வெளியே நல்ல மழை. என் கூட்டாளி பெயிண்டர், சாமான் வாங்கப் போயிருந்தான்.

"மழை விட்டாத்தான் வருவேன்ணே. நனைஞ்சா கரைஞ்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆள் நூறு கிலோவுக்குக் குறைய மாட்டான்.

2.50. இடது பக்கப் பின்கதவை மாட்டினேன். அதற்குப் பின்னால் இருக்கும் பாடி அசையாது என்பதால், அங்கிருந்து ஆரம்பித்துத்தான் முன்னால் வர வேண்டும். இப்போது என்னிடம் ஸ்டீல் அளவுத் தகடு இருக்கிறது. அதை இடைவெளியில் விட்டேன். மேலிருந்து கீழ்வரை வழுக்கிக்கொண்டு போனது. கீல் போல்ட்டை இறுக்கினேன். கதவைச் சாத்தினேன்.

டக்.

ஒன்று.

திறந்து, மெதுவாகச் சாத்தினேன். டக். இரண்டாவது சத்தம் வரவே இல்லை.

குனிந்து கொக்கியைப் பார்த்தேன். அதற்கு அடியில் மூன்று வாஷர் இருந்தன.

அன்று காலையில்தான் அந்த மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். பையைத் தடவினேன். காலி. வயசாகிறது, கழற்ற நினைத்து மறந்திருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுபடி கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வாய்விட்டு எண்ணினேன்.

3.05. சாத்தினேன். டக்... டக். அப்பாடா என்றிருந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தகட்டை விட்டேன்.

பூட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

கால் மணி நேரத்துக்கு முன்னால் தாராளமாகப் போன இடம். விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. தகடு மட்டும் இறங்கவில்லை. அழுத்தினேன். வளைந்ததே தவிர, இறங்கவில்லை.

அப்போது ஒரு வாசனை வந்தது. தின்னர், பிரைமர், மழை ஈரம்... இவ்வளவுக்கும் நடுவில் தித்திப்பாக ஒன்று.

ஆரஞ்சு.

எதிர்க்கடையை மூடி நாலு வருடம் ஆகிறது.

3.15. டார்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தேன். தகடு நின்ற இடத்தில், பிரைமரின் மேல், சிவப்பாக ஏதோ தெரிந்தது. பென்சில் கோடு. இரண்டு. ஒன்றுக்கு ஒன்று குறுக்காக.

பெருக்கல் குறி.

தின்னர் துணியால் துடைத்தேன். போய்விட்டது. துணியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுபடி இருந்தது.

பெயிண்டருக்கு போன் போட்டேன்.

"கதவுல பென்சில் வச்சு கிறுக்குனியா?"

"நான் எதுக்குண்ணே கிறுக்கப் போறேன்?"

"எப்ப வர்ற?"

"மழை விடட்டும்ணே. ஆமா... கூட யாருண்ணே?"

"யாருமில்ல. ஏன்?"

"பின்னால ஒரு அம்மா குரல் கேக்குதே..."

போனை வைத்துவிட்டேன்.

3.31. கரண்ட் போனது.

மழையில் இது சகஜம்தான். ஷட்டர் வழியாக மங்கலாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. காரின் பின்கதவை நான் திறந்து வைத்திருந்தேன்.

அது தானாகச் சாத்திக்கொண்டது.

டக்.

ஒன்று.

காற்று என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

பிறகு, காருக்குள் ஒரு சத்தம். கிரீச்... சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து, நகர்ந்து, சாயும்போது ஸ்பிரிங் அழுந்துமே... அந்தச் சத்தம்.

சீட் பரணில் கிடந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

கதவு இடைவெளியின் உச்சியில் ஏதோ தெரிந்தது. உள்ளேயிருந்து வெளியே நீண்டது. ஒரு நகத்தின் அளவு.

குச்சி.

இரண்டு குச்சி. கறுப்பு டேப்.

சர்ர்ர்...

மெதுவாக இறங்கியது.

சர்ர்ர்...

பூட்டைத் தாண்டியது.

நின்றது.

பெருக்கல் குறிக்கு நேராக...

ஒரு தடவை ஆடியது. இன்னொரு தடவை. பிறகு அப்படியே காத்திருந்தது.

"டீச்சர்..."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான்தான் டீச்சர். உங்க பொண்ணு சரியாத்தான் சாத்துச்சு. நான்தான்..."

மழைச் சத்தம்.

"சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

டொக்.

குச்சி என் காலடியில் விழுந்தது.

3.47. கரண்ட் வந்தது.

காருக்குள் யாரும் இல்லை. குச்சியைக் குனிந்து எடுத்தேன். ஈரமாக இருந்தது. ஜில்லென்று இருந்தது.

சாயந்திரம் ஆறு மணிக்கு டீச்சர் மகளின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. தூண், வாஷர், பட்டி, அந்த ஒரு டக், எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொள்ள வந்த இடத்தில் பேய்க்கதை வேறு சொன்னால் என்ன நினைப்பாள் என்று பயம்.

அவள் நின்றுகொண்டே கேட்டாள். அழவில்லை.

"பதினோரு வருஷம்ணா" என்றாள். "ஒரு கார் கதவ என் கையால நான் சாத்துனதில்ல. என் பொண்ணு ஏறினாக்கூட அவளையே சாத்தச் சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்குவேன். தெரியுமா உங்களுக்கு?"

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என் வீட்டுக்காரர் படிக்கணும்."

எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன். அந்தக் குச்சி அவளுக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது. பையிலிருந்து எடுத்து டீப்பாய்மேல் வைத்தேன்.

அவள் முகம் மாறிவிட்டது.

"இது... எப்படி உங்ககிட்ட?"

"காருக்குள்ள இருந்துதும்மா. டீச்சர் அன்னிக்கு இதக் கைப்பைலதான் போட்டுக்கிட்டாங்க."

"பையில இல்ல." குரல் இறங்கிவிட்டது. "கையில இருந்துச்சு."

அன்றைக்கு வரும் வழியில், டீச்சர் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுக் கதவுக் கண்ணாடியை இறக்கினாராம். கையை வெளியே விட்டு, அந்தக் குச்சியைக் கதவு இடைவெளியில் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாராம். என்னம்மா விளையாட்டு என்று மகள் சிரித்திருக்கிறாள்.

"'இன்னும் ஒரு எடத்துல மாட்டுதுடி'ன்னாங்க. அதான் அவங்க கடைசியா பேசினது. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. டிக் போட்டாரே தவிர, டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. என் வேலையைத் திருத்துவதற்காகத்தான் அந்தக் கதவில் சாய்ந்திருக்கிறார்.

"விழுந்தப்பவும் அத விடலண்ணா. கைய விரிக்க யாராலயும் முடியல. ஆஸ்பத்திரியிலயும் முடியல. அப்படியே விட்டுட்டோம்." டீப்பாயைக் காட்டினாள். "நான் பாத்தேன். அந்தக் குச்சி எங்கம்மா கையோடயே எரிஞ்சு போச்சு."

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டேப்பில் ஒரு கசங்கல்கூட இல்லை. டீப்பாய்க் கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு இறங்கியிருந்தது.

ஒரு மாதம் கழித்து டீச்சரின் மகள் வண்டியை எடுக்க வந்தாள். புருஷனும் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். அவன் தலையைத் தூக்கவே இல்லை. பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, இடது பக்கப் பின்கதவை அவளே தன் கையால் சாத்தினாள்.

டக்... டக்.

கொஞ்ச நேரம் கதவின்மேல் கையை வைத்தபடி நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பெயிண்டர் மூன்று கோட் அடித்து, பாலிஷ் போட்டிருந்தான். வண்டி நகரும்போது, பூட்டுக்கு ஒரு சாண் கீழே குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே... இந்நேரம் டீச்சர் டிக் போட்டிருப்பார் என்று ஒரு நப்பாசை.

பெயிண்டுக்கு மேலேயே இருந்தது. சின்னதாக. சிவப்பாக.

பெருக்கல் குறி.